செவலையின் பத்தியம்

நாய் வாந்தி எடுப்பதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். நாய் வளர்த்தவர்களுக்கு அது தூக்கத்திலும் கேட்கும். தண்ணீர் வற்றிப்போன அடிபம்பை யாரோ விடாமல் அடிப்பது போல இருக்கும். 2017 ஆடியில், ஊர்ச் சுடலைமாடன் கொடை முடிந்த மறுநாள் இரவு இரண்டு மணிக்கு எங்கள் திண்ணையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். செவலை நான்கு காலையும் விரித்து, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பக்கத்தில் மஞ்சள் நுரையும் அரைகுறையாக மென்ற கறியும் ஒரு எலும்புச் சிலாம்பும் கிடந்தன. பின்வாசல் பக்கம் போன பிறகுதான் மற்றது தெரிந்தது. அங்கே அது மூன்று இடங்களில் தண்ணீராகப் போயிருந்தது.

காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். கொடை என்றால் ஒரு வீட்டுக்கு முப்பது பேராவது வருவார்கள். வெள்ளி இரவு வில்லுப்பாட்டு, சாமியாட்டம், கிடா வெட்டு. சனிக்கிழமை முழுக்க அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு. சாப்பிட்டு எழுந்த ஒவ்வொருவரும் தன் இலையில் மிஞ்சிய எலும்பைச் செவலைக்குப் போட்டிருக்கிறார்கள். அது போதாதென்று, கறி கழுவும்போது அறுத்து ஒதுக்கிய கொழுப்பை எல்லாம் அம்மா ஒரு சட்டியில் வதக்கி, சோற்றில் பிசைந்து வைத்திருக்கிறாள். கேட்டால், "வாயில்லா சீவன், ஊரே கறி திங்கும்போது அது பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்பாள்.

இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. நான் பார்த்த நாய்களுக்கு வாய்தான் முதலில் இருந்தது. மற்ற உறுப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

எனக்கு அன்றைக்கு வந்த பயத்துக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. செவலைக்கு முன்னால் எங்களிடம் வெள்ளையன் என்று ஒரு குட்டி இருந்தது. மூன்று மாதக் குட்டி, 2009இல். ஒரு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தது. மறுநாள் வாந்தி. அதற்கடுத்து, நாற்றமடிக்கும் ரத்தபேதி. வீட்டு வைத்தியத்தில் எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை அதிகம். மாதுளம்பழத் தோலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தோம், மோர் கொடுத்தோம், "குட்டிதானே, சரியாயிரும்" என்று இரண்டு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் தொட்டபோது விறைத்திருந்தது. பார்வோ வைரஸ் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். 1978 வாக்கில்தான் இந்த நோய் உலகம் முழுக்கத் தலைகாட்டியது. சில ஆண்டுகளிலேயே தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆறு எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாக, நான்கு மாதம் வரை போட வேண்டிய ஊசி. நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், செவலையை எடுப்பதற்கு முன் ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் நாயே வேண்டாம் என்றிருந்தோம்.

ஆகவே விடியும் வரைகூடப் பொறுக்க முடியவில்லை. ஐந்தரை மணிக்கே டாக்டர் அண்ணாச்சிக்குப் போன் செய்துவிட்டேன்.

அவர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில், அதாவது வேப்பேரியில் படித்தவர். ஊருக்கு அவர் கடைசி வரைக்கும் மாட்டு டாக்டர்தான். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுப்பியதற்குக் கோபப்படாமல், வக்கீல் குறுக்கு விசாரணை செய்வது போலக் கேட்டார்.

"எத்தனை தடவை வாந்தி? கடைசியா எப்போ? பேதியில ரத்தம் இருக்கா, தார் மாதிரி கறுப்பா இருக்கா? வயிறு உப்பிப்போயி கல்லு மாதிரி இருக்கா? சும்மா ஓங்கரிக்குதா, இல்ல ஏதாவது வெளிய வருதா? வால ஆட்டுதா?"

கடைசிக் கேள்வி எனக்கு வேடிக்கையாகப் பட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். செவலை தரையோடு தரையாக வாலை இரண்டு தட்டுத் தட்டியது. அதையும் சொன்னேன்.

"சரி, இப்போ மேலுதட்டத் தூக்கிப் பாரு. ஈறு என்ன நிறம்?"

"ரோஸ் கலர்."

"விரலால ஒரு அமுக்கு அமுக்கி எடு. வெள்ளையாகி எத்தன நேரத்துல பழைய நிறம் வருது?"

எடுத்த உடனேயே வந்தது. இரண்டு விநாடிக்குள் வந்தால் ரத்த ஓட்டம் பரவாயில்லை என்றார். ஈறு வெளுத்திருந்தாலோ பசை மாதிரி விரலில் ஒட்டினாலோ வேறு கதை. அடுத்தது பிடரித் தோல். இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டால் ரப்பர் மாதிரி சட்டென்று இறங்க வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. செவலைக்கு இறங்கியது, ஆனால் கொஞ்சம் சோம்பலாக இறங்கியது. காய்ச்சல் பார்க்கவும் சொன்னார், பின்பக்கமாக. தெர்மாமீட்டரில் 102 காட்டியதும் என் மனைவி "ஐயோ" என்றுவிட்டாள். நாய்க்கு 101இலிருந்து 102.5 வரை இயல்பான சூடு என்று அவர் சொன்ன பிறகுதான் அமைதியானாள்.

"கொழுப்பத் தின்னு செரிக்கல. ஆறு வயசு நாயி, ஊசியெல்லாம் போட்டிருக்கு, ரத்தம் இல்ல. இன்னைக்கு வீட்ல வெச்சுப் பாக்கலாம். ஆனா கொழுப்பத் தின்னா கணையம் வீங்கும், அது பொல்லாதது. வயித்தத் தொட்டா கத்துச்சுன்னா, முதுக வளைச்சுக்கிட்டு நின்னுச்சுன்னா, குடிச்ச தண்ணிகூட நிக்கலன்னா, இல்ல ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்தாலும், எனக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்காத. வண்டியப் பிடிச்சு ராமையன்பட்டிக்குப் போயிரு."

ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012இல் வந்தது. வெள்ளையன் காலத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் போயிருப்போமா என்று கேட்டால், போயிருக்க மாட்டோம் என்பதுதான் உண்மை.

அதற்குள் வீட்டில் மருந்துகள் வரிசைகட்டி நின்றன. மனைவி மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். அம்மா அம்மியில் சுக்கையும் பூண்டையும் எடுத்து வைத்திருந்தாள். வசம்பைச் சுடுவதற்கு விளக்கும் ஏற்றியாகிவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். மனிதர் மாத்திரை ஒன்றுகூடக் கூடாது என்றார் அண்ணாச்சி. நாம் தலைவலிக்கு விழுங்கும் பாரசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கொண்டுபோய்விடும். பேதியைக் கட்டும் மாத்திரையோ சில ஜாதி நாய்களுக்கு மூளைவரை போய்த் தாக்கும். அதோடு, உள்ளே இருக்கும் கேடு வெளியே போக வேண்டிய நேரத்தில் கதவைச் சாத்துவது எதற்கு என்றார். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை என்றபோது அம்மா போனையே முறைத்தாள். எழுபத்திரண்டு வயதில் அவள் கேட்ட முதல் பூண்டு விரோதச் செய்தி அது.

"அப்போ என்னத்தத்தான் கொடுக்கட்டும்?" என்றாள் போனைப் பார்த்து.

"ஒண்ணும் வேண்டாம் ஆச்சி. ராத்திரி வரைக்கும் பட்டினி போடுங்க."

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் கோபம் வந்தால்கூட யாரையும் பட்டினி போட்டதில்லை. என்னைப் பெல்ட்டால் அடித்த இரவில்கூட அப்பா, தட்டில் சோறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார். "நோவுல கெடக்க சீவனப் பட்டினி போடச் சொல்லுதாரு, இவருலாம் ஒரு டாக்டரா?" என்று அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். பால் காயும் வாசம் வந்தது. எங்கள் ஊரில் நோயாளி என்றால் பால்தான், மனிதருக்கானாலும் நாய்க்கானாலும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. பேதியில் கிடக்கும் நாய்க்குப் பால் ஊற்றினால் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவதுதான். அதை நான் சொன்னால் எடுபடாது. அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பட்டினின்னு சொன்னது என் தப்பு. அம்மாகிட்டப் பத்தியம்னு சொல்லு."

அவர் படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு சொல்லில் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். பிள்ளை பெற்ற மூன்று மருமகள்களுக்கும் இரண்டு மகள்களுக்கும் பத்தியம் வைத்தவள் அம்மா. மஞ்சள்காமாலைக்கு நாற்பது நாள் உப்பில்லாமல் என்னைக் கட்டிக் காத்தவள். எதை எப்போது கொடுக்கக் கூடாது என்பது அவளுடைய சாம்ராஜ்யம். "பத்தியமா? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று அடுப்பை அணைத்தாள். பாலைக் காபிக்கு வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து செவலையின் வயிறு அவள் பொறுப்பில் போனது. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரைக் கழற்றித் திண்ணைத் தூணில் மாட்டினாள். கட்டத்துக்குள் பால் கணக்குக்குக் கீழே செவலை கணக்கு.

முதலில் தண்ணீர். பதினேழு கிலோ நாய்க்கு, கிலோவுக்கு ஐம்பது அறுபது மில்லி என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வேண்டும். பேதியில் போவதற்கு அதற்கு மேலும் வேண்டும். (பதினேழு கிலோ என்று எப்படித் தெரியும் என்றால், செவலையைத் தூக்கிக்கொண்டு அரிசிக் கடைத் தராசில் ஏறி நின்று, பிறகு என்னைக் கழித்தேன்.) ஆனால் தாகத்தில் ஒரே மூச்சில் குடிக்க விட்டால் அத்தனையும் திரும்பி வரும். பெரிய கிண்ணத்தை எடுத்து ஒளித்துவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டோம். நக்கி நக்கிக் குடித்தது. ஒரு மணி நேரம் வாந்தி இல்லை. அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளரில் கால்வாசி. மதியத்துக்கு மேல் அண்ணாச்சி சொல்லி, உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அதிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஞாபகம் வரும். 1971இல் வங்கதேசப் போரின்போது போங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் போல இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் பிழைக்கவைத்தது மனிதர்களை. ஆனால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போனால் குடல் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்ற சூட்சுமம் எங்கள் திண்ணைக்கும் பொருந்தியது. சர்க்கரை இல்லாத வகைப் பொருட்களில் சைலிட்டால் இருந்தால் மட்டும் நாய்க்கு விஷம். அட்டையைப் படித்துப் பார்த்து வாங்கு என்று அண்ணாச்சி இரண்டு தடவை சொன்னார்.

அன்று பகல் முழுக்கச் செவலை எங்களைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கமான இடத்தில், அம்மாவின் வலது முட்டிக்குப் பக்கத்தில், வந்து உட்கார்ந்தது. முதல் உருண்டை எப்போதும் அதற்குத்தான். அம்மா உருண்டையைப் பிடித்தாள், பார்த்தாள், தன் வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

முன்பெல்லாம் முழுசாக ஒரு நாள் பட்டினி போடச் சொல்வார்களாம். இப்போது அவ்வளவு தேவையில்லை, வாந்தி நின்று சில மணி நேரம் ஆனால் லேசாக ஆரம்பிக்கலாம், குடலுக்கும் தீனி வேண்டும் என்றார் அண்ணாச்சி. குட்டிகளை ஒருபோதும் பட்டினி போடக் கூடாது, அவற்றுக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கடைசி வாந்தி காலை ஏழு மணிக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

சோற்றுக்குப் பச்சரிசி. ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் விட்டு, கரண்டியால் மசித்தால் பருக்கை தெரியாத அளவுக்குக் குழைய விட்டாள். கோழியின் நெஞ்சுக்கறி, தோல் இல்லாமல், எலும்பு இல்லாமல். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கிடையாது. வெந்ததும் மேலே மிதந்த கொழுப்பு வளையங்களை அகப்பையால் வழித்து எடுத்து எறிந்தாள். கறியை நூல் நூலாகப் பிய்த்தாள். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு கறி. நடுவில் வாயில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "மண்ணு மாதிரி இருக்கு. இதப் போயி திங்குமா?" எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை வைத்தாள். செவலை அதை எங்கே வைத்தாள் என்று பார்ப்பதற்குள் தின்று முடித்திருந்தது. தட்டை நக்கிய நக்கலில் தட்டு சுவர்வரை நகர்ந்தது.

இரண்டு மணி நேரம் காத்திருந்து இன்னொரு உருண்டை. நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. வழக்கமாக ஒரே வேளையில் தின்னும் சோற்றை ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. சோறு நாய்க்கு ஆகாது, அது மாமிசப் பிராணி என்று நகரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அப்போது எங்களுக்குப் போனில் பாடம் எடுத்தார். ஆனால் 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு பிரதி இருக்கும் இடத்தில் நாயிடம் பலமடங்கு பெருகியிருந்தது. மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்றே அது நாயானது. சிப்பிப்பாறை ஜாதியும் தெருவும் கலந்து பிறந்த செவலைக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை இரண்டு தடவை பேதி, ஆனால் தண்ணீர் இல்லை, கூழ். செவ்வாய்க்கிழமை களி. பரங்கிக்காயை வேகவைத்து இரண்டு ஸ்பூன் மசித்துச் சேர்க்கச் சொன்னார் அண்ணாச்சி. அதன் நார் நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் காலையில் எழுந்தவுடன் எல்லோரும் பேசியது ஒரே விஷயத்தைத்தான். காபி டம்ளரோடு பின்வாசலுக்குப் போய், குனிந்து பார்த்து, நிறம், பதம் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டு வருவோம். பதம் என்ற சொல்லை அம்மா அல்வாவுக்குப் பயன்படுத்திக் கேட்டிருக்கிறேன். அந்த வாரத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கு இருட்டுக்கடைப் பக்கம் போகவே மனம் வரவில்லை.

புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன்.

காலையில் செவலையைச் சங்கிலியோடு டீக்கடைவரை கூட்டிப்போவது வழக்கம். மூன்று நாளாகப் போகவில்லை. அன்றைக்கு வாலைத் தூக்கி, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு குரைப்புக் குரைத்தது. சரி, நடக்கத்தானே என்று கூட்டிப்போனேன். கடையில் கண்ணாடி ஜாடி நிறையப் பொறை. செவலைக்குத் தினமும் இரண்டு பொறை என்பது கடைக்காரருக்கும் தெரியும். அவர் ஜாடியைத் திறக்கிற சத்தத்துக்கே அது உட்கார்ந்து, முன்காலைத் தூக்கி, எச்சில் வடிய என்னைப் பார்த்தது. அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டது எனக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்றுதானே என்று கொடுத்தேன். பிறகு இன்னொன்று. டீயில் நனைத்து. பால் டீ.

மத்தியானம் மூன்று மணிக்குப் பின்வாசலில் மறுபடியும் தண்ணீர்.

அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள். காலை ஆறு மணி, ஒரு உருண்டை. ஒன்பது மணி, ஒரு உருண்டை. பதினொன்றரை, ஒரு உருண்டை. எல்லாம் அவள் கையெழுத்து. பேத்தியைக் கூப்பிட்டு விசாரித்தாள், மருமகளை விசாரித்தாள். கடைசியாக என் சட்டைப் பையைத் தடவினாள். பொறைத் தூள் இருந்தது.

"பிள்ள பெத்தவளுக்குத் திருட்டுத்தனமா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தவன்தானே நீ" என்றாள். என் மனைவி சிரித்துவிட்டாள். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய வழக்கு அது. இவ்வளவு நாளும் இருவரும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறார்கள்.

மறுபடி முதலிலிருந்து. ஐஸ் கட்டி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர், எலுமிச்சம்பழ உருண்டை. இந்தத் தடவை அண்ணாச்சி நேரில் வந்தார். வயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அமுக்கிப் பார்த்தார். வலி இல்லை, ஈறு நன்றாக இருக்கிறது, பயமில்லை என்றார். மலத்தில் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பச் சொன்னார். கொக்கிப்புழு இருந்தது. பூச்சி மருந்து கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதையும் நாங்கள் மறந்திருந்தோம். கொழுப்பின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது. மருந்தை எடை பார்த்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. நன்றாகக் கெட்டியான பிறகும் இரண்டு நாள் அதே சோறு. பிறகு பழைய சாப்பாட்டில் கால் பங்கைக் கலந்தாள் அம்மா, மறுநாள் அரை, அதற்கடுத்த நாள் முக்கால். எட்டாம் நாள் முட்டிக்குப் பக்கத்தில் செவலைக்கு முதல் உருண்டை திரும்பக் கிடைத்தது.

அடுத்த வருஷக் கொடைக்கு வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, இலையை நேராகக் குழிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், நாய்க்கு ஒரு எலும்பு போட்டாலும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று அம்மா சொன்னாள். வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்று அண்ணாச்சி சொன்னதை, தானே வேப்பேரியில் படித்தது போல எடுத்து விளக்கினாள். செவலைக்குத் தனியாகக் கொழுப்பில்லாத கறி, உப்பில்லாமல், மூன்று துண்டு.

செவலை 2023 வரை இருந்தது. அம்மா அதற்கு முந்தைய வருஷம் போய்விட்டாள். வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது அவளுடைய பெட்டியில் அந்த 2017 காலண்டர் கிடைத்தது. ஆகஸ்ட் தாளில், பால் ஒன்றரை லிட்டர் என்பதற்குக் கீழே, பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "காலை. கெட்டி. ஒரு தடவை." அதற்கும் கீழே: "அவனிடம் சங்கிலி கொடுக்கக் கூடாது."